காலி வண்டி ஏன் அலைகிறது?

வீட்டில் குழந்தைக்கு ஜுரம் வந்தால் என்ன செய்கிறீர்கள்? நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்று ஒரு சீட்டில் குறித்து வைக்கிறீர்கள். டாக்டரிடம் போனதும் அவர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தச் சீட்டு பதில் சொல்லிவிடுகிறது. பாதி வைத்தியம் அங்கேயே முடிந்து விடுகிறது.

மோட்டார் வண்டிக்கும் இதே வைத்தியம்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? நானும் நம்பியிருக்க மாட்டேன், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சிநேகிதியின் பால் கணக்கு நோட்டைப் பார்த்திராவிட்டால்!

நாங்கள் இருவரும் அண்ணாமலை நகரில் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் கணவருக்குக் கல்யாண சமையல் கான்ட்ராக்ட். அண்டா, குண்டா, அடுப்பு, அரிசி மூட்டை, காய்கறிக் கூடை எல்லாம் ஏறிப் போக ஒரு பிக்-அப் வண்டி உண்டு. அதற்கு முன்பணம் கட்ட என் சிநேகிதியின் நாலு வளையல்கள் போய்த் திரும்பியிருக்கின்றன. ஆகவே வண்டியின் க்ஷேமத்தில் அவளுக்கும் பங்கு இருக்கிறது அல்லவா?

கடலூர்க்காரர்களுக்கு மழை என்றாலே ஒரு கிலி. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல். 2015 நவம்பரில் வெள்ளம். கெடிலமும் பெண்ணையும் பரவனாறும் ஒரே மூச்சில் நிறைந்தால் தெருவுக்கும் ஆற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தப் பயத்தில்தான் சிநேகிதியின் கணவர், "வண்டியைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் தண்ணீரில் போகலாம், பாரமும் கூடத் தாங்கும்" என்று ஒரு பட்டறையில் விட்டார். ஸ்பிரிங் பட்டைகள் கூடுதலாகச் சேர்த்தார்கள். முன்பக்கம் ஒரு அங்குலம் உயர்ந்தது. பின்பக்கம் நாலு அங்குலம் உயர்ந்தது. வண்டி பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருந்தது.

அன்று பிடித்தது சனி.

"நேர் சாலையிலே கூட வண்டி ஒரு இடத்தில் நிற்காதுடி. இவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருத்திக்கொண்டே வருவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும். எதிரே பஸ் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்" என்றாள் அவள்.

கணவரோ, "ரோடு சரியில்லை" என்றார். மூன்று தடவை வீல் அலைன்மென்ட் பார்த்தார்கள். மூன்று தடவையும் "எல்லாம் சரி" என்று பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பழி என் சிநேகிதியின் தலையில் விழுந்தது. "உனக்குப் பயம் அதிகம்!"

பால் கணக்குக்குப் பக்கத்தில்

பயம் என்று சொன்னதும் அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொரு பிரயாணத்தையும் எழுத ஆரம்பித்தாள். அதை எனக்குக் காட்டினாள். பாருங்கள்:

"திங்கள். முதுநகரிலிருந்து ஆலப்பாக்கம். அரிசி பத்து மூட்டை, பாத்திரம் முழுவதும். அலைச்சல் இல்லை."

"திங்கள் இரவு, அதே சாலை. பாத்திரங்கள் மண்டபத்திலேயே இருந்துவிட்டன. காலி வண்டி. ரொம்ப அலைச்சல்."

"வியாழன். புதுச்சத்திரம். அரை பாரம். கொஞ்சம் அலைச்சல்."

"வெள்ளி. காலி. திருப்பத்தில் திரும்பியபின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. இவர் கையால் இழுத்து நேராக்கினார்."

"சனி. காலி. இரவில் விளக்கு வெளிச்சம் வண்டிக்குக் கிட்டத்திலேயே விழுகிறது. முன்பு தூரம் போகும்."

இப்படி ஒரு மாதம். அப்புறம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது, அங்கே ஒரு பழைய லாரி மெக்கானிக் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, நானும் தொற்றிக்கொண்டேன். கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோ மீட்டர். போகும்போது பாரம் இருந்தது, பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வரையில் வண்டி சமர்த்தாகவே ஓடிற்று. சாமான்களை மண்டபத்தில் இறக்கிவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினோமே, அப்போதுதான் என் சிநேகிதி ஏன் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று எனக்குப் புரிந்தது!

பெரியவர் கேட்ட கேள்வி

மெக்கானிக் எழுபதை எட்டிய பெரியவர். வண்டியை அவர் தொடவே இல்லை. "எப்போ அலையுது? காலியிலேயா, பாரத்திலேயா?" என்று கேட்டார்.

சிநேகிதியின் கணவர் விழித்தார். இவள் நோட்டை நீட்டினாள். பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்ததும், "தம்பி, பாதி வேலையை அம்மா முடிச்சுட்டாங்க!" என்றார்.

கணவர் முகத்தை நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

"பாரம் ஏத்தினா சரியாயிடுது, காலியா இருந்தா அலையுதுன்னா, பின்பக்கம் தூக்கி நிக்கிறதுதான் காரணம். பின்பக்கம் தூக்கினா மூக்கு கவிழும். வெளிச்சம் கிட்டத்திலே விழறதும் அதனாலேதான். மூக்கு கவிழ்ந்தா சக்கரம் நேரே ஓடற புத்தியை மறந்துடும்."

சக்கரத்துக்குப் புத்தியா? ஆம், வாசகியரே, இருக்கிறது. அதற்குக் 'காஸ்டர்' என்று பெயர்.

தாயும் கன்றும்

உங்கள் வீட்டு சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் கவை செங்குத்தாக இல்லை. மேல்முனை பின்னால் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வை ஒரு கோடாகத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். அதாவது திரும்பும் அச்சு முன்னே போகிறது. சக்கரம் அதன் பின்னே இழுபட்டு வருகிறது. தாயின் பின்னே கன்று வருவதுபோல! கன்று எந்தப் பக்கம் விலகினாலும் தாயின் பின்னே வந்து சேர்ந்துவிடுகிறது. திருப்பத்தில் திரும்பியபின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது பெரும்பாலும் இந்தச் சாய்வினால்தான்.

மோட்டார் வண்டியிலும் முன் சக்கரங்கள் திரும்பும் அச்சு இப்படிச் சில டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். பின்பக்கத்தை மட்டும் அதிகமாக உயர்த்தினால் வண்டி முழுவதும் முன்னால் சாய்கிறது. அச்சின் சாய்வும் அவ்வளவுக்குக் குறைகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பின்பக்கம் முன்பக்கத்தைவிட 3 அங்குலம் கூடுதலாக உயர்ந்திருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி சுமார் 110 அங்குலம். ஏறக்குறைய ஒன்றரை டிகிரி போய்விட்டது! மொத்தமே இரண்டரை டிகிரி வைத்திருக்கும் வண்டியில் இது பாதிக்கு மேல். பத்து மூட்டை அரிசி ஏறினால் பின்பக்கம் அமுங்குகிறது. போன சாய்வு திரும்ப வருகிறது. கன்றுக்குத் தாய் கிடைத்துவிடுகிறாள்.

அப்படியானால் மூன்று தடவை அலைன்மென்ட் பார்த்தவர்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை? முன்பக்கம் ஒரே முழு அச்சாக இருக்கும் இத்தகைய வண்டிகளில், நட்டைத் தளர்த்தித் திருத்தக்கூடியது 'டோ' ஒன்றுதான். இரண்டு சக்கரங்களின் மூக்குகளும் உள்நோக்கி இருக்கின்றனவா, வெளிநோக்கி இருக்கின்றனவா என்பதுதான் டோ. அதைச் சரிபார்த்தார்கள், அது சரியாகவே இருந்தது. காஸ்டரை யாரும் அளக்கவில்லை. தலைவலி என்று வந்தவருக்கு வயிற்றை மட்டும் பார்த்து, "வயிறு நன்றாயிருக்கிறது" என்று அனுப்பினால் எப்படி?

திருடன் இருவர்

"இதோட முடியலே" என்றார் பெரியவர். "இன்னொரு ஆசாமியும் இருக்கான்னு தோணுது. அம்மா, நீங்க ஸ்டியரிங்கிலே உட்காருங்க."

கை பிரேக்கைப் போட்டார். நாலு சக்கரங்களுக்கும் கல் வைத்தார். வண்டி தரையில்தான் நின்றது, ஜாக்கி போடவில்லை. என் சிநேகிதி ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக ஒரு சாண் அளவு மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தாள். பெரியவர் குனிந்து, ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரம் வரையில் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இந்தப் பரீட்சையின் தத்துவம் ரொம்ப எளிது. ஸ்டியரிங்கை ஆட்டினால் அந்த ஆட்டம் ஒரு தண்டிலிருந்து அடுத்த தண்டுக்கு, சங்கிலிபோலப் போகவேண்டும். எந்த இடத்தில் ஒரு தண்டு அசைந்தும் அடுத்த தண்டு சும்மா நிற்கிறதோ, அங்கே மூட்டு தேய்ந்திருக்கிறது. அகப்பட்டான் திருடன்!

அகப்பட்டான். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் 'டிராக் லிங்க்' என்ற தண்டின் முனை லொடலொடத்துக் கிடந்தது. உயர்த்திய வண்டியில் அந்தத் தண்டு படுக்கையாக இல்லாமல் சரிவாக நிற்கிறது. முனை குண்டு கோணலாகவே வேலை செய்வதால் சீக்கிரம் தேய்கிறது. அது மட்டுமா? தண்டு சரிந்து நின்றால், சக்கரம் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிவிடுகிறது. நீங்கள் கையை அசைக்காவிட்டாலும் வண்டி திரும்புகிறது! உயர்த்திய மறுநாளே ஸ்டியரிங் சக்கரம் நேராக நிற்காமல் ஒரு பக்கம் கோணி நின்றதே, அதற்கும் இந்தச் சரிவுதான் காரணம்.

நீங்களும் பார்க்கலாம்

நீங்கள் வண்டிக்கு அடியில் போகவேண்டாம். ஆனால் சில அடையாளங்கள் தெரிந்திருந்தால் பட்டறையில் ஏமாற மாட்டீர்கள். பெரியவர் சொன்னதை வரிசையாகத் தருகிறேன். வரிசை முக்கியம், காசு செலவில்லாததை முதலில் பாருங்கள்.

முதலில் காற்று. காலையில் வண்டி ஓடுமுன் நாலு டயர்களையும் பாருங்கள். ஒரு பக்கம் காற்றுக் குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இரண்டு முன் டயர்களிலும் குறைந்தால் ஸ்டியரிங் கனக்கும்.

இரண்டாவது, டயரின் தேய்மானம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது, அல்லது டோ தவறியிருக்கிறது. வண்டி நிற்கும்போது, கம்பியோ ஆணியோ இல்லை என்று கண்ணால் பார்த்துக்கொண்டு, உள்ளங்கையால் டயரைக் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில், பூனையின் முதுகை எதிர்முடியாகத் தடவினாற்போல் சொரசொரப்பாகவும் இருந்தால், டோவின்மேல் சந்தேகப்படலாம்.

மூன்றாவது, எப்போது இழுக்கிறது? எப்போதுமே ஒரு பக்கம் இழுத்தால், இரண்டு முன் டயர்களையும் இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் முதலில் பிரேக்கைப் பார்க்கவேண்டும்.

நான்காவது, நடுக்கம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கி, வேகம் மாறியதும் நின்றால், வீல் பாலன்ஸ் பார்க்கவேண்டும். ஆனால் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன் சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டு நிற்காமல் போனால், அது விளையாட்டல்ல. ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, படிப்படியாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டவேண்டும். அப்புறம் அந்த வண்டியை மெக்கானிக் பார்க்காமல் ஓட்டக்கூடாது.

ஐந்தாவது, மூட்டுகளின் ஆட்டம். சற்று முன்பு சொன்ன பரீட்சை. பிறகு மெக்கானிக் ஜாக்கியும் தாங்கியும் வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். ஆட்டம் இருந்தால், உள்ளே ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுவார். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட்.

இவ்வளவும் முடிந்தபிறகுதான் அலைன்மென்ட். தேய்ந்த மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது, ஆடும் மேஜையின்மேல் தராசு வைப்பது போலத்தான். செய்யும்போது, "டோ மட்டும் போதாது, காஸ்டர் எவ்வளவு என்றும் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்டுப் பாருங்களேன், பட்டறையில் உங்களுக்கு வரும் மரியாதையை!

தேரடியில் சிறிது நேரம்

சாமான் வாங்கி வரப் பையன் போயிருந்தான். அந்த இடைவேளையில் நாங்கள் கீழ வீதிப் பக்கம் நடந்தோம். சிதம்பரத்துத் தேர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஆனித் திருமஞ்சனத்தின்போதும் மார்கழித் திருவாதிரையின்போதும் மூலவரான நடராஜரே வெளியே வந்து தேரேறுகிறார். விநாயகர், சுப்பிரமணியர், சிவகாமி அம்மன், சண்டிகேசுவரர் என்று மொத்தம் ஐந்து தேர்கள் நாலு வீதிகளையும் சுற்றி வருகின்றன.

நாலு வீதி என்றால் நாலு முனை. தேருக்கு ஸ்டியரிங் ஏது? வடம் பிடிப்பவர்கள் இழுக்கத்தான் முடியும். தேரைத் திருப்புவது முட்டுக்கட்டை போடுகிறவர்கள். ஓடும் சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்து, சரியான கணத்தில் சரிவான கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுப்பார்கள். சக்கரம் கட்டையில் ஏறிச் சறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. கண்ணும் கையும் ஒரு நொடி தவறினால் ஆபத்து. எவ்வளவு பெரிய வித்தை!

மேல்நாட்டிலும் இந்தத் தொல்லை இருந்தது. திருப்பத்தில் உட்புறச் சக்கரம் சிறிய வட்டமும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டமும் போடவேண்டும். ஆகவே இரண்டும் ஒரே அளவு திரும்பக்கூடாது. இதற்கு வழி செய்தவர் மூனிக் நகரத்து வண்டி செய்பவரான லங்கன்ஸ்பெர்கர், வருஷம் 1817. மறு வருஷம் லண்டனில் அதற்கு உரிமை பதிவு செய்தவர் ஆக்கர்மான். செய்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றவர்! இன்றைக்கும் மோட்டார் சக்கரங்கள் திரும்பும் முறைக்கு ஆக்கர்மான் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஆப்பா, இறக்கமா?

பட்டறைக்குத் திரும்பினோம். டிராக் லிங்க் முனை புதிதாக மாட்டியாகிவிட்டது. காஸ்டரை அளந்திருந்தார்கள்; இரண்டரை டிகிரி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு டிகிரிதான் இருந்தது. இனி என்ன செய்வது?

"இரண்டு வழி இருக்கு" என்றார் பெரியவர். "ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவிலே ஒரு ஆப்பு வெச்சு அச்சைப் பின்னாலே சாய்க்கலாம். அலைச்சல் குறையும். இன்னொண்ணு, கூடுதல் பட்டையை எடுத்துட்டு, கம்பெனி கொடுத்த உயரத்துக்கே இறக்கறது."

"ஆப்பே வைத்துவிடுங்களேன். மழையில் தண்ணீர் வந்தால்...?" என்று இழுத்தார் கணவர்.

பெரியவர் சிரித்தார். "தம்பி, தண்ணி வர்றது வருஷத்திலே நாலு நாள். அன்னிக்கு வண்டியை வீட்டிலே நிறுத்துங்க. உயரமான வண்டின்னு வெள்ளத்திலே இறங்கறவனைத்தான் வெள்ளம் முதல்லே இழுக்கும். மீதி நாளெல்லாம் வண்டி திருப்பத்திலே கவிழாம இருக்கணும். உயரம் கூடினா அந்தப் பயமும் கூடும். சட்டமும் ஒண்ணு இருக்கே!"

இருக்கத்தான் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர்கள் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியிருக்கிறது. மாற்றிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் விவகாரம் வேறு தலை தூக்கும்.

கணவர் யோசித்தார். பிறகு, நாங்கள் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். "என்ன சொல்றே?" என்று மனைவியைக் கேட்டார்.

"இறக்கிடுங்க" என்றாள் அவள்.

இரவு கல்யாணச் சாப்பாடு முடிந்து புறப்படும்போது வண்டி பழைய உயரத்தில் நின்றது. கம்பீரம் கொஞ்சம் குறைவுதான். வெறும் வண்டி, பாத்திரங்கள் மறுநாள் வேலைக்காக மண்டபத்திலேயே இருந்தன. வெள்ளாறு தாண்டி, புதுச்சத்திரம் தாண்டி, விளக்கு வெளிச்சம் நெடுந்தூரம் முன்னே போக, வண்டி கோடு போட்டாற்போல் நேராக ஓடிற்று. எதிரே ஒரு பஸ் வந்தது. நான் என் சிநேகிதியைப் பார்த்தேன்.

அவள் கண்ணை மூடித்தான் இருந்தாள். ஆனால் பயத்தினால் அல்ல, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்!